கூடுதலாக இரண்டு பட்டை

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் அறிந்த ஒரே இயந்திரம் காலால் மிதிக்கிற தையல் மெஷின். அப்படிப்பட்ட என்னைத்தான் டிரைவர் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகச் சுற்றினான். ஏனப்பா என்று கேட்டால், "ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்ணே. தெரிஞ்சவன் எல்லாம் சேர்ந்து என் மண்டையைக் கொழப்பிட்டான்" என்பான். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் தெருவில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டிரைவர்தான். பதினைந்து வருடம் கல் குவாரியில் லாரி ஓட்டியவன். குவாரியை மூடியதும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பின்னால் நீளமான தொட்டி, முன்னால் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். அவன் மனைவியைத் தங்கச்சி என்பேன். உறவு ஒன்றும் கிடையாது, எதிர் வீடு. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

தங்கச்சி தேனீ வளர்க்கிறவள். வீட்டுக்குப் பின்னால் இருபத்து நான்கு பெட்டிகள். வெயில் காலம் வந்ததும் கீழே பூ என்று ஒன்றும் இருக்காது. மேலே மலைச் சரிவில் அப்போதுதான் மரங்கள் பூக்கும். பூ விரிகிற முதல் வாரத்துக்குள் பெட்டிகள் அங்கே போய்விட வேண்டும். போகிற வழியில் பாதி தார் ரோடு. மீதி ஏழு கிலோமீட்டரை ரோடு என்று சொன்னால் வாய் வெந்துபோகும். உருண்டைக் கல், ஒரு ஓடை, மழை அறுத்துவிட்ட பள்ளங்கள்.

போன வருடம் மேலே போய்ப் பெட்டிகளைத் திறந்தபோது ஒன்பது பெட்டியில் தேனடைகள் மரச் சட்டத்திலிருந்து கழன்று அடியில் விழுந்து கிடந்தன. தேன் வழிந்து, அந்தத் தேனிலேயே தேனீக்கள் மூழ்கி, ராணிகள் நசுங்கிச் செத்திருந்தன. ராணி போன பெட்டி அப்படியே தேய்ந்துவிடுமாம். மிச்சக் கூட்டங்களைப் பிரித்து மறுபடி இருபத்து நாலாக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. அடைகளைச் சட்டத்தில் நூலால் கட்டியவள் தங்கச்சிதான். அன்றிலிருந்து அவள் தன் கையைத்தான் குற்றம் சொன்னாள்.

"எனக்குக் கைராசி இல்லண்ணே. இது ஒரு உசுரோட வேலை. கை சரியில்லாதவ தொடக்கூடாது."

இந்த வருடம் பூ பூக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் அடை விழுந்தா, பெட்டியெல்லாம் கேக்கறவங்ககிட்ட கொடுத்துடுங்க. நான் பழைய தையல் கம்பெனிக்கே போயிடறேன். அங்கேயே ஹாஸ்டல் இருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வர்றேன்."

அழவில்லையாம், கோபப்படவும் இல்லையாம். அதுதான் அவனை உலுக்கிவிட்டது. காலையில் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"அவ சண்டை போட்டிருந்தா சமாளிச்சிருப்பேண்ணே. வெங்காயத்தை நறுக்கி முடிச்சுட்டு அடுப்பைப் பத்த வச்சுட்டா. அவ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா?"

"அதுக்கு இப்ப என்ன செய்யப் போற?"

"வண்டியைச் சரி பண்ணப் போறேன். சஸ்பென்ஷனை மொத்தமா மாத்திடறேன். ஒரு அடைகூட அசையக்கூடாது. நீங்க ஏறுங்க."

அரைகுறையாக நின்ற ஒரு சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன். காலர் தைக்கக் கொடுத்தவர் பிறகு என்னைத் திட்டிய திட்டு தனிக் கதை.

முதலில் போனது அவன் மச்சினனிடம். தங்கச்சியின் தம்பி, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வண்டி சொந்தமாகக் கிடையாது, ஆனால் உலகத்தில் உள்ள வண்டி வீடியோ எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு போனைப் பிளந்து வைத்தபடியே பேசினான்.

"மாமா, முதல்ல வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கணும். அடிவயிறு கல்லுல இடிக்கக்கூடாது பாருங்க."

"அடி இடிக்கலையே மாப்ள."

"இடிக்கலைன்னாலும் தூக்கணும். அப்புறம் குலுக்கலை அமுக்க கேஸ் ஷாக். தனியா டப்பா வச்சு வரும். சூடே ஆகாது."

"நான் போறதே மணிக்குப் பத்து கிலோமீட்டர். அதுல எங்கடா சூடாகுது?"

"இப்படிப் பேசினா எப்படி மாமா? இத பாருங்க." பாலைவனத்தில் ஒரு பிக்கப் மணல் மேட்டிலிருந்து பறந்து விழுந்து, ஒன்றுமே நடக்காதது போல ஓடிய வீடியோவைக் காட்டினான். "பாத்தீங்களா? விழுந்தது தெரிஞ்சதா?"

"இதுல தேனீ இருந்ததா?"

மச்சினன் வால்யூமைக் கூட்டினான். வெளியே வந்ததும் டிரைவர் என்னிடம், "பறக்கற வண்டிக்கு நல்லா இருக்குண்ணே. நாம பறக்கப் போறமா?" என்று கேட்டான். நிஜமாகவே சந்தேகத்தோடுதான் கேட்டான். எனக்கும் அந்த நிமிஷம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் உதிரிபாகக் கடை. குளிரூட்டிய அறை, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக ஸ்பிரிங் தொங்குகிறது. கண்ணாடி போட்ட ஒருவர் மரியாதையாக உட்காரவைத்து ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டர் கேட்பது போலக் கேட்டார்.

"முன்னாடி எதுவும் கூடுதல் வெயிட் மாட்டியிருக்கீங்களா? வின்ச், இரும்பு பம்பர்?"

"இல்லைங்க."

"பின்னாடி லோடு? எங்ககிட்ட மூணு தினுசு இருக்கு. லைட், மீடியம், ஹெவி. எப்பவும் லோடு இருக்குமா, எப்பவாவதா?"

"ஏத்தினா ஃபுல் லோடுதாங்க. தொட்டி நிறைஞ்சு, ரெண்டு அடுக்கு."

"அப்ப ஹெவி." டிக் அடித்தார். "காற்றுப் பை வேணுமா? ஸ்பிரிங்குக்கு உள்ள வச்சு, லோடுக்குத் தக்கபடி காத்தடிச்சுக்கலாம். ஆனா உங்களுக்குப் பின்னாடி சுருள் இல்ல, கமான் பட்டை, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின வளைஞ்ச இரும்பு. அதுக்கு வேற மாதிரி பை."

"பையா, பட்டையா, எது நல்லதுங்க?"

"அது உங்க தேவையைப் பொறுத்தது சார்."

"என் தேவை பெட்டி ஆடக்கூடாது."

"ஆடக்கூடாதுன்னா ஹெவி. ஆனா கொஞ்சம் டைட்டா இருக்கும். சொகுசு வேணும்னா மீடியம். ஆனா லோடு ஏத்தினா உக்காந்துடும். ஷாக்ல ஒரு திருகு இருக்கு, பன்னெண்டு நிலை. நீங்களே வேணுங்கறபடி வச்சுக்கலாம்."

பன்னிரண்டு நிலையைக் கேட்டதும் டிரைவருக்கு விழி பிதுங்கிவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு நாள் அந்தத் தாள் பையிலிருந்து வெளியே வந்து வந்து போயிற்று. டீக்கடையில் விரித்துப் பார்ப்பான். சிக்னலில் நிற்கும்போது பார்ப்பான். கேட்கிற ஆளெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னான். ஒருவன் பட்டையைக் கூட்டு என்றான், ஒருவன் டயரைப் பெரிசாக்கு என்றான். தண்ணி வண்டிக்காரர் மட்டும், வண்டியில் குறையே இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, ஒரு சட்டை தைக்க உங்களுக்கு எத்தனை அளவு வேணும்?"

"ஏழு எட்டு."

"அவ்வளவுதானா?" என்று பொறாமையோடு என்னைப் பார்த்தான்.

நாலாவது நாள் கமான் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரனுக்குச் சம்மட்டி என்று பேர் விழுந்திருந்தது. கையில் எப்போதும் அதுதான் இருக்கும், பேச்சும் அதே மாதிரிதான் விழும். டிரைவரின் வயசுதான். குவாரி லாரிகளுக்கெல்லாம் பட்டை அடித்துக் கொடுத்தவன். உள்ளே உலை எரிந்துகொண்டிருந்தது. வளைந்த இரும்புப் பட்டைகள் நீளவாரியாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. டிரைவர் தாளை எடுத்து நீட்டினான். சம்மட்டி அதைத் தொடவே இல்லை.

"கையெல்லாம் கிரீஸு. என்னன்னு வாயால சொல்லு."

"ஹெவி போடச் சொல்றாங்க. அதுக்கு மேல ஒரு பட்டை நீ போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா நிக்குமான்னு கேக்க வந்தேன்."

சம்மட்டி குனிந்து வண்டியின் பின்பக்கம் பார்த்தான். விரலால் எண்ணினான். "ஏழு இருக்கு. கம்பெனியில வந்தது அஞ்சு. ரெண்டு நான் போட்டது, ரெண்டு வருஷம் முன்னாடி."

"ஆமா. அந்த வருஷம் பெட்டி ஏத்தினப்ப பின்னாடி நாலு விரல் தாழ்ந்துபோச்சு. எனக்குப் பாக்கவே சகிக்கல. குவாரியில வண்டி அப்படி நின்னா கிளீனர்கூட சிரிப்பான். அதான் வந்து போட்டேன். போட்டதும் பாரு, ஃபுல் லோடுக்கும் ஒரு இஞ்ச் இறங்கல. சும்மா கல்லு மாதிரி நின்னுச்சு."

"பின்னாடி ஏறிக் குதி."

"என்ன?"

"பம்பர் மேல ஏறிக் குதிடா."

டிரைவர் ஏறிக் குதித்தான். எண்பது கிலோ ஆள். வண்டி அசையவே இல்லை, அவன் பல்தான் கடகடத்தது. சம்மட்டி சம்மட்டியைக் கீழே வைத்தான். அவன் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன லோடு ஏத்தற நீ?"

"ஃபுல் லோடு. தேனீப் பெட்டி."

"ஃபுல்லுன்னா எத்தனை கிலோ?"

டிரைவர் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடம் கல் ஏற்றியவனுக்குத் தொட்டி நிறைந்தால் அது ஃபுல் லோடு, அவ்வளவுதான். கல்லில் அது பொய்யாகாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "ஒரு பெட்டியை நானே ஒத்தையாத் தூக்கி வச்சிருக்கேனே" என்று சொல்லிவிட்டேன். ஒரு துணிக்கட்டைத் தூக்கினாலே எனக்கு மூச்சு வாங்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"பதிமூணு, பதினாலு கிலோ இருக்குமா?" என்றான் சம்மட்டி.

"இருக்கும்."

"எத்தனை பெட்டி?"

"இருபத்து நாலு."

சம்மட்டி வாய்க்குள் பெருக்கிப் பார்த்தான். "முந்நூத்து முப்பத்தாறு கிலோ. தடியா ஒரு நாலு பேர் ஏறி உக்காந்த மாதிரி. அதுக்கு ஏழு பட்டை. டேய், இந்தப் பட்டை வளையவே ஒரு டன்னு வேணும். நீ ஏத்தற லோடு அதுக்குத் தெரியவே தெரியாது. கீழ கல்லு குத்தினா பட்டை வாங்கிக்காது, நேரா மேல அனுப்பிடும். நீ ரோட்டுல வச்சு அந்தப் பெட்டியை ஏழு கிலோமீட்டர் உதைச்சுக்கிட்டே போயிருக்க."

 டிரைவர் பம்பர் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போன வருஷந்தான் ஒன்பது ராணி போச்சு," என்றான். "அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு அடைதான் விழுந்துச்சு. அதுக்கும் சேத்துத்தான் இந்தப் பட்டையைப் போட்டேன். ரெண்டும் விழக்கூடாதுன்னு."

"நீ கேட்ட, நான் போட்டேன். குவாரிக்காரன் வந்து ரெண்டு பட்டை போடுன்னா கல்லுக்குத்தான்னு நெனச்சேன். என்ன ஏத்தப் போறேன்னு நீ சொல்லல, நானும் கேக்கல." சம்மட்டிக்கும் குரல் இறங்கிவிட்டது.

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பட்டையையும் கழற்றினான். பழைய ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது, அதற்குப் பதில் சாதாரண ஷாக் புதிதாக மாட்டினான். மலை அடிவாரத்தில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போ, கல்லு மாதிரி அடித்து வைக்காதே என்று சொல்லி அனுப்பினான். உதிரிபாகக் கடையில் வாங்கிய தாளை டிரைவர் உலையில் போட்டுவிட்டான்.

திரும்பும்போது டிரைவர் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டினான்.

"அண்ணே, இதை அவகிட்டச் சொல்ல வேணாம்."

"ஏம்ப்பா, சொன்னா அவளுக்கு நிம்மதிதானே?"

"நிம்மதியா? ஒன்பதையும் கொன்னது நாந்தான்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாளா? இந்த வருஷம் பத்திரமாப் போய்ச் சேர்ந்தா அதுவே சரியாயிடும். அவளும் இருந்துடுவா. எதுக்குக் கிளறணும்?"

சரி என்றேன்.  அவன் முகம் அப்படி இருந்தது. தவிர, புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் தலையிடக்கூடாது என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு இதைவிடச் சௌகரியமான பேர் கிடைக்காது.

அடுத்த எட்டு நாளும் எனக்கு நரகம். தங்கச்சி தினமும் மத்தியானம் கடைக்கு வந்தாள். நல்ல பருத்தி நூல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். காலிச் சட்டம் ஒன்றில் கட்டிக் காட்டினாள்.

"அண்ணே, உங்களுக்கு நூல்தான் தொழில். இந்த முடிச்சு சரியா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"போன வருஷமும் இப்படித்தான் கட்டினேன். எங்கயோ தப்பு இருக்கு. இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தேன். நூல் அறுந்தாலும் அறுமே தவிர அவிழாது. அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை. என் கண்ணெதிரே அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். கட்டிவிட்டுத் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "கம்பெனியில கூடப் பொண்ணுங்க சொல்லுவாங்க, நீ தொட்டா ஊசி உடையுதுடின்னு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். கம்பெனி ஹாஸ்டலில் பழைய தோழி ஒருத்தியிடம் ஒரு கட்டில் சொல்லி வைத்துவிட்டாளாம். நான் கத்தரிக்கோலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அது மேஜை மேலேதான் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயந்திரம், தேனீக்கள் எல்லாம் உள்ளே வந்தடைந்த பிறகு பெட்டி வாசல்களைத் தங்கச்சி வலையால் அடைத்தாள். விடியும்போது கிளம்பினோம். இறக்கி வைக்க ஒரு கை வேண்டும் என்று நானும் போனேன். இரண்டு அடுக்காகப் பெட்டிகள், மேலே கயிறு. தங்கச்சி முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். வண்டியின் பின்பக்கம் நாலு விரல் தாழ்ந்து நின்றது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடிவாரத்தில் டயர்களில் காற்றை இறக்கினான். பிறகு அந்த ஏழு கிலோமீட்டர்.  ஒவ்வொரு கல்லுக்கும், "ஏறு, ஏறு, மெதுவா" என்று வண்டியோடு பேசினான். ஓடையில் இறங்கும்போது பின்பக்கம் ஒரு தரம் அமுங்கி எழுந்தது. எழுந்ததே தவிர உதறவில்லை. எனக்கே அது தெரிந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தேன். தங்கச்சி ஒரு பெட்டியில் காதை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

மேலே மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன. பெட்டிகளை இறக்கி, கல் மேல் நிறுத்தினோம், தங்கச்சி வாசல் வலைகளை எடுத்தாள். தேனீக்கள் கொட்டிக் கவிழ்த்தது போல வெளியே வந்து சுற்றின. அவை அடங்கட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். டிரைவர் முட்டையை உரித்துக் கையிலேயே வைத்திருந்தான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தங்கச்சி முகவலையைப் போட்டுக்கொண்டு முதல் பெட்டியைத் திறந்தாள். நாங்கள் இருவரும் வண்டியோரம் நின்றோம். ராணியைக் கண்ணால் பார்க்காமல் அவள் பெட்டியை மூட மாட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. ஒவ்வொரு மூடியை வைக்கும்போதும் டிரைவர் மூச்சை விட்டான். பதினேழாவது பெட்டியில் மட்டும் ஒரு அடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ராணி பக்கத்து அடையில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியையும் மூடிவிட்டு அவள் எங்களிடம் வந்தாள். வலைக்குள் முகமெல்லாம் வேர்வை.

"எல்லாம் இருக்குங்க. இருபத்து நாலும் இருக்கு."

டிரைவர் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் மூணு தரம் கட்டினேன்" என்றாள். "அப்ப போன வருஷம் என் கைதான். ஒன்பதும் என் கையாலதான் செத்திருக்கு. இது ஏதோ தப்பிச்சுக்கிச்சு. எப்பவும் தப்பிக்குமா? கம்பெனிக்கே போயிடறேங்க. இதுங்க பாவம்."

இதை அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

"உன் கை இல்ல," என்றான். "பட்டை."

"எந்தப் பட்டை?"

முன்னும் பின்னுமாக, திக்கித் திணறிச் சொன்னான். ஃபுல் லோடு, நாலு விரல், ஏழு, அஞ்சு, சம்மட்டி, முந்நூத்து முப்பத்தாறு. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பாதி புரிந்திருக்காது. புரியவேண்டியது புரிந்துவிட்டது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"எட்டு நாளாச்சு."

"எட்டு நாளா." அவள் முகவலையைக் கழற்றினாள். "எட்டு நாளா நான் முடிச்சுப் போட்டுப் போட்டு அவுத்துக்கிட்டிருந்தேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஹாஸ்டல்ல கட்டில் சொன்னேனே, அப்பவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களுமாண்ணே?"

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அப்புறம் அழுதாள், பெரிய குரலெடுத்து. ஒரு வருஷம் அடக்கி வைத்த அழுகை. டிரைவர் கிட்டே போனான். வராதே என்று கையைக் காட்டினாள். தானே அழுது ஓய்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முகவலையை அவன் மேல் எறிந்தாள்.

"போட்டுக்கிட்டு வாங்க."

அவனுக்குத் தேனீ என்றால் பயம். குவாரியில் வெடி வைக்கும்போதுகூடப் பின்வாங்காதவன், மனைவியின் பெட்டிகளை ஒரு தரம்கூடத் திறந்து பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் வலையைப் போட்டுக்கொண்டு போனான். பதினேழாவது பெட்டியைத் திறந்து, அடை தொங்குகிற சட்டத்தை எடுத்து அவன் இரண்டு கையிலும் கொடுத்தாள். தேனீக்கள் மணிக்கட்டுவரை ஏறின. அவன் உடம்பு முழுக்க ஆடியது, கை மட்டும் ஆடவில்லை. அவள் நூலைச் சுற்றி, இழுத்து, முடிச்சுப் போட்டாள்.

"பாருங்க. இதுல ஏதாவது தப்பிருக்கா?"

"இல்ல."

"அண்ணனுக்குக் கேக்கட்டும். சத்தமா சொல்லுங்க."

"இல்ல!" என்று கத்தினான். ஒரு தேனீ கொட்டியிருக்க வேண்டும், குரல் உடைந்தது. சட்டத்தை விடவில்லை.

அவள் அதை வாங்கி உள்ளே வைத்து மூடினாள். அவன் நின்ற இடத்திலேயே நின்று, "அப்ப கம்பெனிக்கு?" என்று கேட்டான்.

"இருபத்து நாலு பெட்டியை யாரு பாத்துக்குவா? நீங்களா?" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, திரும்பிப் போறப்ப நீங்க நடுவுல உக்காருங்க. இவர் பக்கத்துல உக்கார எனக்கு இஷ்டமில்ல."

நடுவில் உட்கார்ந்தேன், கியர் கம்பி முழங்காலில் இடித்தது. காலி வண்டி கீழே இறங்கியது.  ஓடையைத் தாண்டியபோது தங்கச்சி என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி, டிரைவரின் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்து, நகத்தால் கொடுக்கை எடுத்து வெளியே எறிந்தாள். எடுத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.